ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், 38 பிள்ளைகள்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கமுள்ள பாடசாலையொன்றில் தரம் 8, 9 வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் ஒரு மடிக்கணினியும் ஒரு புரொஜெக்டரும் வாங்கித் தந்திருக்கிறார்கள். அடுத்த தவணையிலிருந்து ‘ஸ்மார்ட் வகுப்பு’ நடத்தும்படி அதிபர் சொல்லிவிட்டார். வகுப்பில் 38 பிள்ளைகள். சிக்னல் சன்னலோரத்தில் மட்டும் கிடைக்கும். மழை இறங்கினால் மின்சாரம் போய்விடும். இந்த நிலையில் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறார். செயலிகளின் பெயர்களை வரிசையாக எழுதிவிடுவது எளிது, ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதிலாகாது. ஒரே ஒரு கருவியை வைத்துக்கொண்டு 38 பேருடைய நாற்பது நிமிடப் பாடவேளையை முன்பைவிடப் பயனுள்ளதாக்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் 22 வருடங்கள் விஞ்ஞானமும் கணினியும் கற்பித்து, அதன்பின் சில வருடங்கள் ஆசிரிய ஆலோசகராக வகுப்பு வகுப்பாகப் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆரம்பப் பிரிவிலும் விசேட தேவையுடைய பிள்ளைகளின் வகுப்பிலும் எனக்கு அனுபவம் இல்லை. ஆகவே கீழே சொல்வதை அந்த வகுப்புகளுக்கு அப்படியே பொருத்திவிட வேண்டாம்.

முதலில் என் தவறொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கற்பித்த பாடசாலைக்கு முதல் புரொஜெக்டர் வந்தபோது, சுவாசத் தொகுதி பற்றி 43 படவில்லைகள் தயாரித்து, ஒவ்வொன்றிலும் நுரையீரல் அசைய, எழுத்துகள் பறந்து வர, இரண்டு பாடவேளைகளைத் தொடர்ச்சியாக எடுத்து நடத்தினேன். பிள்ளைகள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. மறுநாள் வெறும் ஐந்து வினாக்களைக் கடதாசியில் கொடுத்துப் பார்த்தால், உட்சுவாசத்தின்போது பிரிமென்தகடு மேலே போகும் என்று வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் எழுதியிருந்தார்கள். படத்தில் அது கீழே இறங்குவதை அவர்கள் பத்துத் தடவையாவது கண்டிருப்பார்கள். கண்டார்களே தவிர, மேலேயா கீழேயா என்று ஒருவரைக்கூட நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. படவில்லைகளை மாற்றிக்கொண்டிருந்த கைக்குக் கேள்வி கேட்க நேரம் இருக்கவில்லை.

இதை என் சொந்தக் கதை என்று மட்டும் தள்ளிவிட வேண்டியதில்லை. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தை 300-க்கு மேற்பட்ட கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட மதிப்பீடு, கணிதத்திலும் மொழியிலும் மாணவரின் புள்ளிகளில் வேறுபாடு எதையும் காணவில்லை. கருவி வந்துவிட்டால் மட்டும் கற்றல் உயர்ந்துவிடாது என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. மறுபக்கம், படித்ததைத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வது மனதில் நெடுநாள் நிற்கிறது என்பதும் உறுதியானது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரத்தின் பின்னர் நினைவிலிருந்து எழுதிப் பழகியோர் 56 வீதத்தையும் திரும்ப வாசித்தோர் 42 வீதத்தையும் நினைவுகூர்ந்தனர். அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், உங்கள் பிள்ளைகள் தரம் 9. இதே அளவு வித்தியாசம் உங்கள் வகுப்பிலும் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திசை இதுதான். ஆகவே, காட்டுவதற்கு வாங்கித் தந்த கருவியைக் கேட்பதற்கும் பிள்ளையின் மனதில் இருப்பதை அந்தப் பாடவேளைக்குள்ளேயே பார்ப்பதற்கும் திருப்பிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

அதற்கு மிக எளிய வழி உங்கள் கைத்தொலைபேசியின் கமராதான். பிள்ளைகள் கொப்பியில் ஒரு படம் வரையும்போதோ ஒரு கணக்கைச் செய்யும்போதோ வாங்குகளுக்கிடையே நடந்து, சரியான ஒன்றையும் சுவாரசியமாகப் பிழைத்த ஒன்றையும் படமெடுத்து, யூஎஸ்பி வயர் மூலம் மடிக்கணினிக்கு மாற்றிச் சுவரில் காட்டுங்கள். இணையம் தேவையில்லை, இரண்டு நிமிடம் போதும். பெயர் தெரியாதபடி எடுக்க வேண்டும். பிழைத்த பிள்ளையிடம் முன்கூட்டியே மெல்லக் கேட்டுக்கொள்வதும் நல்லது. கரும்பலகையில் நாம் வரையும் படத்தில் பிழை கண்டுபிடிக்கத் துணியாத பிள்ளைகள், சக பிள்ளையின் கொப்பியில் உடனே கண்டுபிடிப்பார்கள். புரொஜெக்டரை வைத்து நான் செய்தவற்றில் ஆகக்கூடிய பயன் தந்தது இதுதான், இதற்குச் செயலி எதுவும் இல்லை.

அடுத்தது, திரையில் நடத்தும் பரிசோதனைகள். கொலராடோ பல்கலைக்கழகம் 2002-இலிருந்து நடத்திவரும் ஃபெட் (PhET) தளத்தில் இவை இலவசமாக உள்ளன. பல தமிழிலும் கிடைக்கின்றன. சிக்னல் உள்ள இடத்தில் ஒரு தடவை இறக்கிக்கொண்டால் பின்னர் இணையமின்றி உலாவியிலேயே இயங்கும். மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 9 வோல்ற்று மின்கலத்துடன் 10 ஓம் மின்குமிழை இணைத்து, மின்கலத்துக்கும் குமிழுக்கும் இடையே ஓர் அம்பியர்மானியை வைத்தால் அது 0.9 அம்பியர் காட்டும். இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். குமிழைத் தாண்டி மின்கலத்துக்குத் திரும்பும் கம்பியில் இன்னோர் அம்பியர்மானி வைத்தால் அது 0.9-ஐ விடக் குறைவாகக் காட்டுமா, அதே அளவா, பூச்சியமா என்று கேட்டு, ஒவ்வொருவரையும் கொப்பியில் எழுதச் செய்யுங்கள். எழுதிய பின்னரே இரண்டாவது மானியை இணையுங்கள். நான் பார்த்த வகுப்புகளில் எல்லாம் பெரும்பாலானோர் குறையும் என்றே எழுதினார்கள், ஏனென்றால் குமிழ் எரிவதற்கு ஏதோ செலவாகத்தானே வேண்டும் என்பது அவர்களின் நியாயமான எண்ணம். இரண்டு மானியும் 0.9 என்று நின்றபோது, பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழும்பி, “ரெண்டும் ஒண்டா இருக்கு சேர், அப்ப குமிழ் என்னத்தத் தின்னுது?” என்று கேட்டான். மின்னோட்டம் வேறு, சக்தி வேறு என்ற பாடம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. ஊகத்தை எழுதவிடாமல் நேரடியாக இணைத்துக் காட்டியிருந்தால் அது இன்னொரு படமாகப் போயிருக்கும். திரைக்கு முன்னரோ பின்னரோ டோர்ச் பற்றரி இரண்டையும் ஒரு சிறு குமிழையும் வைத்து உண்மையான சுற்றையும் கட்டாயம் செய்யுங்கள். திரையில் ஓடும் நீலப் புள்ளிகளைக் கண்டு, கம்பிக்குள் இலத்திரன் அப்படித்தான் உருண்டோடுகிறது என்று சில பிள்ளைகள் நம்பிவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

எல்லோருடைய பதிலையும் ஒரே நேரத்தில் பார்ப்பதற்குப் பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலி உண்டு. ஒவ்வொரு பிள்ளையிடமும் கடதாசியில் அச்சிட்ட ஒரு சதுர அட்டை இருக்கும். அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்து அ, ஆ, இ, ஈ என்ற நான்கு விடைகளில் ஒன்று. உங்கள் தொலைபேசிக் கமராவை வகுப்பின் மேல் ஓடவிட்டால் அது வாசித்துக்கொள்ளும். வழமையான தொகுதியில் 40 அட்டைகள் உள்ளன, உங்களுக்கு இரண்டு மிச்சம். அட்டைக்கு அட்டை குறி வேறுபடுவதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்ப முடியாது. யார் எதைப் பிழைத்தார் என்பது பதிவாகியும் விடும். ஆனால் சிக்னல் சன்னலோரத்தில் மட்டும் உள்ள வகுப்பில் இதை நம்பிப் பாடத்தைத் திட்டமிடுவது ஆபத்து. பழைய கலண்டர் அட்டையை நான்காக வெட்டி, நான்கு நிறம் பூசிப் பிள்ளைக்கு ஒரு கட்டுக் கொடுத்து, “மூன்று எண்ணியதும் எல்லோரும் தூக்குங்கள்” என்றால், பதிவைத் தவிர மற்ற அனைத்தும் கிடைத்துவிடும். நான் பெரும்பாலும் அட்டைகளோடுதான் நின்றுகொண்டேன். கேள்வி கேட்டதற்கும் அட்டை தூக்குவதற்கும் இடையில் மூன்று நான்கு விநாடிகளாவது பேசாமல் இருங்கள். கேட்கிறவருக்குத்தான் அது நெடுநேரம்போல இருக்கும்.

காணொளிகளைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. யூடியூபில் தமிழில் கிடைக்கும் விஞ்ஞானக் காணொளிகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் தயாரானவை. அவற்றில் பல மிக நேர்த்தியானவை. ஆனால் கலைச்சொற்கள் வேறு. நாம் ஒளித்தொகுப்பு என்பதை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பார்கள், ஆர்முடுகல் அங்கே முடுக்கம், ஒட்சிசன் ஆக்சிஜன். புதிய சொல்லாக இருந்தால் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால்தான் அபாயம். நம் பாடநூலில் கதி என்பதற்குத் திசை இல்லை, வேகம் என்பதற்குத் திசை உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் நம் கதிக்குப் பெயர் வேகம், நம் வேகத்துக்குப் பெயர் திசைவேகம். இந்த விபரம் தெரியாமல் அந்தக் காணொளியைப் போட்டால், திசையைக் கணக்கில் எடுக்க வேண்டிய இடத்தில் பிள்ளை தவறவிடும், சாதாரண தரப் பரீட்சையில் விடைத்தாளைத் திருத்துகிறவர் எங்கிருந்து அந்தக் குழப்பம் வந்தது என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். எனவே காணொளியை முதல்நாளே இறக்கி, முழுவதையும் நீங்கள் பார்த்து, மூன்று நான்கு நிமிடத்துக்கு மேற்படாத பகுதியை மட்டும் எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு உங்கள் குரலில், நம் சொற்களில் விளக்குங்கள். மாரிகாலத்தில் தகரக் கூரையில் மழை விழும்போது சிறிய ஒலிபெருக்கி எப்படியும் கேட்காது. படங்களுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையே மென்பிரதியாக இறக்கிக்கொள்ளலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்மூலப் பாடங்கள் உண்டு. பிள்ளையின் கையிலுள்ள புத்தகத்தின் அதே படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டி, பெயரிடாத பகுதிகளுக்குப் பெயரிடச் சொல்வது பத்து அசைபடங்களுக்குச் சமன். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தமிழில் தயாரித்துத் தரும் வினாத்தாள்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அவை இரு நாட்டுச் சொற்களையும் கலந்து தருகின்றன, சில வேளைகளில் விடையையே பிழையாகத் தருகின்றன, பல்தேர்வு வினாக்களின் முதல் வரைவுக்கு உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

படவில்லை செய்யத்தான் வேண்டுமென்றால், அதில் எழுதியதை அப்படியே வாசிக்காதீர்கள். படத்தைப் பார்த்துக்கொண்டு விளக்கத்தைக் கேட்பவருக்கு அதே விளக்கத்தை எழுத்திலும் காட்டுவது உதவியாக இராமல் இடைஞ்சலாகிறது என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. இரண்டொரு முக்கிய சொற்களும் ஒரு படமும் போதும். எழுத்தின் அளவை உங்கள் மேசையிலிருந்து தீர்மானிக்காமல், பின்வாங்கில் போய் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

இனி வெளிச்சமும் மின்சாரமும். நம் பக்கத்து வகுப்பறைகள் பல அரைச்சுவரும் வலைக்கம்பியுமாக இருப்பதால் காலை பத்து மணிக்குப் பின் சுவரில் விழும் படம் வெளிறிவிடும். வெளிச்ச அளவு 3000 லூமனுக்குக் குறைந்த புரொஜெக்டர் என்றால் பகலில் சிரமம்தான். வெளிச்சம் வரும் பக்கத்துக்குச் செங்குத்தாயுள்ள சுவரைத் தேர்ந்து, மினுங்கும் வெண்பலகையைத் தவிர்த்து, மங்கலான வெள்ளைத் துணியைக் கட்டி, படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். படம் சிறுத்தால் வெளிச்சம் கூடும். அப்போது வாங்குகளை முன்னே இழுக்க வேண்டும். படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் பிள்ளைகள் இருந்தால் எழுத்தை வாசிக்கலாம் என்பது பயன்படுத்தத்தக்க கணக்கு. உங்களுடையது விளக்கு வகைப் புரொஜெக்டர் என்றால், மின்சாரம் போனதும் அதன் விசிறியும் நின்றுவிடும், ஆனால் உள்ளே விளக்கு கொதித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் திரும்பியவுடன் அவசரப்பட்டுப் போடாமல் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பாடம் முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சை நேரே அணைத்துவிடாமல், புரொஜெக்டரின் பொத்தானால் நிறுத்தி விசிறி ஓயும்வரை காத்திருப்பதும் இதற்காகத்தான். பாடக்குறிப்பு எழுதும்போது, பத்தாவது நிமிடத்தில் மின்சாரம் போனால் என்ன செய்வேன் என்று ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மின்சுற்றுப் பாடத்துக்கு அந்த வரி எளிது: மடிக்கணினியின் சொந்த மின்கலத்தில் திரை இன்னும் ஓடும், ஆறாறு பேராக அதனருகே அழைத்துவிட்டு, மற்றவர்களுக்கு டோர்ச் பற்றரியையும் குமிழையும் கொடுத்துவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்களைக் கட்டாயம் தொல்லைப்படுத்தப் போவது, எழுத்துரு. நம் பாடசாலைகளில் இன்றும் வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகின்றன. பாமினி கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ தொலைபேசியிலோ திறந்தால் அம்மா என்ற சொல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். வட்ஸ்அப்பில் ஒட்டினாலும், திரைப் பரிசோதனையில் குறிப்பாகச் சேர்த்தாலும், இணையத்தில் தேடினாலும் இதே கதி. எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யுனிகோட் முறைக்கு இப்போதே மாறிக்கொள்ளுங்கள். பாமினி விசைகளில் பழகிய விரலை மாற்ற விருப்பமில்லையென்றால், அதே விசைகளால் யுனிகோட்டில் எழுதவைக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. பழைய வினாத்தாள்களுக்கு இலவச மாற்றிகள் உண்டு, மாற்றிய பின்னர் ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும். மாற்ற நேரமில்லாத கோப்பை பீடிஎஃபாகச் சேமித்து அனுப்பினால் எந்தத் தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

வீட்டில் படிப்பதற்கு வட்ஸ்அப் குழு அமைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அமைக்கலாம், ஆனால் அதில் மட்டும் கிடைக்கும் எதையும் பாடத்தின் கட்டாயப் பகுதியாக்காதீர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாம் கண்டதுதானே: வீட்டில் ஒரு தொலைபேசி, அதையும் அறுவடைக் காலத்தில் தகப்பன் வயல்வாடிக்குக் கொண்டுபோய்விடுவார், இரவு திரும்பி வந்தால் மூன்று பிள்ளைகளுக்கும் அது ஒன்றுதான். குழுவில் நீங்கள் மட்டும் பதிவிடும்படி அமைத்து, கிழமைக்கு இரண்டு தடவை ஒரு நிமிடக் குரல்பதிவும் ஒரு கேள்வியும் போடுங்கள். ஒரு நிமிடக் குரல்பதிவு சில நூறு கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு நிமிடக் காணொளிக்கு அதைப்போல் பல மடங்கு டேட்டா போகும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைக் குழுவுக்கு வெளியே, குறிப்பாகப் பாடசாலையின் முகநூல் பக்கத்தில், பெற்றோரைக் கேட்காமல் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையல்ல.

எனக்குச் சந்தேகமாக இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். தொடுதிரைப் பலகை வாங்கினால் இதைவிட நன்றாக இருக்குமா என்றால், நான் பார்த்தவரை அதைத் தொட்டவர் ஆசிரியர் ஒருவர்தான், பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; நன்றாகப் பயன்படுத்தும் பாடசாலைகள் இருக்கலாம். புள்ளிக்குப் போட்டி வைக்கும் விளையாட்டுச் செயலிகளில் சத்தமும் உற்சாகமும் நிச்சயம். மெதுவாக யோசிக்கும் பிள்ளை அவற்றில் மூன்றாவது கேள்வியோடு கையைக் கட்டிக்கொண்டு விடுவதையும் கண்டிருப்பதால், தவணைக்கு ஒருமுறை என்றளவில் வைத்துக்கொள்வேன்.

கடைசியாக, பழைய மாணவர்கள் இன்னும் ஏதாவது தேவையா என்று கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். இன்னொரு மடிக்கணினி கேட்க வேண்டாம். மின்சாரம் போனாலும் சற்று நேரம் மின் தரும் சிறிய யூபிஎஸ் ஒன்று கேளுங்கள். 650 விஏ அளவுள்ளது புரொஜெக்டரைச் சில நிமிடமே தாங்கும், ஆனால் முறைப்படி நிறுத்தி ஆறவிட அது போதும். மண் இணைப்புள்ள பத்து மீற்றர் நீட்டிப்பு வயர் ஒன்று, மடிக்கணினிக்கும் புரொஜெக்டருக்கும் பொருந்தும் எச்டிஎம்ஐ வயர் இரண்டு, ஏனெனில் ஒன்று எப்போதும் பழுதாகும். மங்கலான வெள்ளைத் துணி நான்கு மீற்றர், டோர்ச் குமிழ்கள் இருபது, குமிழ் தாங்கிகள் இருபது, இரண்டு அம்பியர்மானிகள். பணம் மிஞ்சினால், மழைக்கு நனையாத ஒரு பூட்டுள்ள இரும்பு அலுமாரி; அதன் திறப்புகளில் ஒன்று அதிபரிடமும் மற்றையது உங்களிடமும் இருக்கட்டும். அதிபரிடம் மட்டும் இருந்தால், அவர் வலயக் கூட்டத்துக்குப் போகும் நாளில்தான் உங்களுக்கு மின்சுற்றுப் பாடம் வரும்.